வகுப்புக்கு நாலு ரமேஷ்

புதிதாகக் குழந்தை பிறந்த வீடுகளில் ஒரு புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். "யாரும் வைக்காத பேரா இருக்கணும்னு மாசக்கணக்கா தேடினோம் சார். எல்.கே.ஜி.யில கொண்டுபோய் விட்டா, அதே பேர்ல இன்னும் ரெண்டு பிள்ளைங்க உட்கார்ந்திருக்கு." நியாயமான வருத்தம்தான். அவர்கள் யாரையும் பார்த்து அந்தப் பெயரை வைக்கவில்லை. மற்ற இரண்டு வீட்டாரும் இவர்களைப் பார்த்து வைக்கவில்லை. பிறகு எப்படி மூன்று வீட்டிலும் ஒரே பெயர் வந்து விழுந்தது? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மூன்று வீட்டுப் பெற்றோரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். ஒரே காலத்தில் பள்ளியில் படித்தவர்கள்; வருகைப் பதிவேட்டில் ஒரே பெயர்களைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள். ஆகவே எந்தெந்தப் பெயரை வேண்டாம் என்று தள்ளுவார்கள் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. அத்தைக்கும் சித்திக்கும் இருக்கிற பெயர் பிள்ளைக்கு ஆகாது, பழசாகத் தெரியும். இரண்டு மூன்று எழுத்துக்குள் அடங்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் வாயிலும் நுழைய வேண்டும். காதுக்குப் புதிதாக இருக்க வேண்டும், அதற்காக விநோதமாகவும் இருந்துவிடக் கூடாது. இத்தனை நிபந்தனைக்கும் ஈடுகொடுத்து மிஞ்சுகிற பெயர்கள் கொஞ்சம்தான். தனித்தனியாகத் தேடிப் போனவர்கள் அங்கே ஒன்றுகூடி விடுகிறார்கள்.

ஊகத்தில் சொல்லவில்லை. இதையெல்லாம் உட்கார்ந்து எண்ணிய நாடுகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் விரிவான கணக்குகளில் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே ஓய்வூதியம் முதலானவற்றைக் கவனிக்கும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரசு அலுவலகம், குடிமக்களுக்கு ஓர் எண்ணும் அட்டையும் கொடுக்கிறது. குழந்தை பிறந்ததுமே பெரும்பாலோர் அட்டைக்கு விண்ணப்பித்துவிடுவார்கள். அந்த அலுவலகத்தில் கணிப்பியல் நிபுணராக வேலை பார்த்தவர் மைக்கேல் ஷேக்கிள்ஃபோர்டு. எங்கே போனாலும் தம் பெயரில் நாலு பேர் இருப்பது அவருக்கு ஒரு தீராத சங்கடம். மற்ற பெற்றோராவது தெரிந்து வைக்கட்டும் என்று, விண்ணப்பங்களில் இருந்த பெயர்களை ஆண்டுவாரியாக எண்ணி வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றை எழுதி, 1997இல் பட்டியலை வெளியிட்டார். அவர் சந்தேகப்பட்டது சரிதான். 1954 முதல் 1998 வரை, 1960 என்ற ஒரே ஓர் ஆண்டில் டேவிட் முந்தியது தவிர, ஆண் குழந்தைகளுக்கு அங்கே அதிகம் வைத்த பெயர் மைக்கேல்.

இன்று அந்தப் பட்டியல் 1880இல் பிறந்தவர்கள் வரை பின்னோக்கிப் போகிறது. ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்குக் குறைவாக வைத்த பெயரை மட்டும், ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக, வெளியிடுவதில்லை. மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் அதை அடிக்கடி புரட்டுகிறவன். ஒரு சமூகத்தின் ஆசையும் அலுப்பும் ஆண்டுவாரியாகப் பதிவாகிக் கிடக்கிற வேறொரு ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

பெயர் ஏன் பரவுகிறது என்று கேட்டால், நம் எல்லாருக்கும் சட்டென்று வாயில் வருகிற பதில் சினிமா. நம் ஊரில் திவ்யா என்றதும் 1986இல் வந்த 'மௌன ராகம்' கதாநாயகியைச் சொல்பவர்கள் உண்டு. எண்ணிப் பார்த்த இடத்தில் என்ன தெரிகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1880இலிருந்து 1946 வரை பெண் குழந்தைகளுக்கு முதல் பெயர் மேரி. 1947இல் மேரியைத் தள்ளிவிட்டு லிண்டா முன்னால் வந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் குழந்தைகளுக்கு லிண்டா என்று பெயர். அதே சமயத்தில் 'லிண்டா' என்றே ஒரு பாட்டு நாடெங்கும் ஒலித்தது. ஜாக் லாரன்ஸ் என்பவர் தம் வழக்கறிஞரின் சின்ன மகளுக்காக எழுதிய பாட்டு; அந்தச் சிறுமிதான் பிற்காலத்தில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியை மணந்த லிண்டா. ஆக, பாட்டுதான் காரணம் என்று முடித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் முந்தைய ஆண்டுகளைப் புரட்டினால், 1930களின் கடைசியிலிருந்தே லிண்டா மளமளவென்று ஏறிக்கொண்டிருக்கிறது. 1946இலேயே இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. ஓடுகிற வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவது போலத்தான் அந்தப் பாட்டு செய்த வேலை.

ஜெனிஃபர் கதை இன்னும் தெளிவு. 'லவ் ஸ்டோரி' படத்தின் நாயகி பெயர் ஜெனிஃபர். நாவல் 1970 தொடக்கத்திலும் படம் அதே ஆண்டு டிசம்பரிலும் வந்தன. ஜெனிஃபர் 1970இல் முதலிடத்தைப் பிடித்து 1984 வரை அசையவில்லை. படம் டிசம்பரில் வந்தது என்றால், அந்த ஆண்டு பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அதற்குள் பெயர் வைத்தாகிவிட்டது. போதாததற்கு 1960களின் கடைசியிலேயே அது முதல் பத்துக்குள் இருந்தது. அந்தக் கதையை எழுதியவரும் அவர் காலத்துப் பெற்றோரும் ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள். அவர்கள் காதுக்கு இனித்தது அவர் காதுக்கும் இனித்திருக்கிறது.

முழுக்கச் சினிமா பெற்றெடுத்த பெயரும் இல்லாமல் இல்லை. 1984இல் வந்த 'ஸ்ப்ளாஷ்' படத்தில் கடல்கன்னி ஒருத்தி நியூயார்க் தெருப் பலகையைப் பார்த்து மேடிசன் என்று தனக்குப் பெயர் வைத்துக்கொள்வாள். படத்துக்கு முன் பெண்களின் முதல் ஆயிரம் பெயர்களில்கூட மேடிசன் கிடையாது. 2001இல் இரண்டாம் இடம். ஆனால் கவனியுங்கள், நடுவில் பதினேழு ஆண்டு ஓடியிருக்கிறது. படம் விதை போட்டது. அதை ஏற்கும் காது பிறகுதான் உருவானது. வெளியிலிருந்து வருகிற நிகழ்ச்சி ஒரு பெயரைத் தூக்கிவிடுவதைவிட வேகமாகச் சாய்த்துவிடும் என்பது என் எண்ணம். அமேசான் நிறுவனம் 2014 கடைசியில் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லும் கருவிக்கு அலெக்ஸா என்று பெயர் வைத்தது. 2015இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வைத்த அந்தப் பெயர், அடுத்த ஐந்து ஆண்டுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பிள்ளையைக் கூப்பிட்டால் மேசை மேலிருக்கும் கருவி பதில் சொல்கிற வீட்டில் எந்தத் தாய் அந்தப் பெயரை வைப்பாள்?

சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் இதை ஆராய்ந்தே 2000இல் ஒரு புத்தகம் எழுதினார். பெயர் நாகரிகத்துக்கு வெளிக்காரணம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை, முந்தைய ரசனையிலிருந்து சற்று விலகுவது என்ற உள்விசையாலேயே அது நகர்ந்துகொண்டிருக்கும் என்பது அவர் கட்சி. இன்னொரு ஆய்வு, ஜோனா பெர்கரும் கேயல் லெ மென்ஸும் பிரான்ஸ், அமெரிக்கா இரண்டின் நூறாண்டுக்கு மேற்பட்ட பெயர்களை வைத்துச் செய்தது, 2009இல் வந்தது. வேகமாக ஏறுகிற பெயர் வேகமாகவே இறங்குகிறது என்று காட்டினார்கள். காரணமும் எளிது: திடீரென்று எங்கும் கேட்கிற பெயரைப் பார்த்தால், 'இது நாலு நாள் மோகம்' என்று அடுத்து வருகிற பெற்றோர் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

இதற்கிடையே முதலிடம் என்பதன் எடையே குறைந்துவிட்டது. 1880இல் அமெரிக்காவில் நூறு ஆண் குழந்தைகளில் எட்டுப் பேர் ஜான். 2017இலிருந்து முதலிடத்தில் இருக்கும் லியாம், நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுதான். தனித்துத் தெரிய வேண்டும் என்று எல்லாரும் நினைப்பதால் பெயர்கள் பெருகிவிட்டன. அப்படியானால் ஏன் இன்னும் எல்லாம் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன? நாகரிகம் முழுப் பெயரை விட்டுவிட்டு ஓசைக்குப் போய்விட்டது. எய்டன், ஜேடன், பிரேடன், ஹேடன் என்று ஒரு கூட்டமே 2000களில் கிளம்பியது. ஒரு கட்டத்தில் அங்கே பிறந்த ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் பெயர் 'ன்' ஓசையில் முடிந்தது. ஒவ்வொரு பெற்றோரும் வேறு வேறு பெயர்தான் வைத்தார்கள். வகுப்பில் ஆசிரியர் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இது நமக்குப் புதிதில்லை. ரமேஷ், சுரேஷ், மகேஷ், கணேஷ், ராஜேஷ், தினேஷ் என்று ஒரு தலைமுறையே நம்மிடம் இருக்கிறது. வகுப்புக்கு நாலு ரமேஷ், எஸ். ரமேஷ், கே. ரமேஷ் என்று தலைப்பெழுத்தை வைத்துப் பிரிப்போம், அதுவும் ஒத்துப்போனால் நெட்டை ரமேஷ், குட்டை ரமேஷ். அவர்களின் பிள்ளைகள் காலத்தில் ஓசை மாறியது: ரித்விக், ஆத்விக், சாத்விக், தன்ஷிகா, தன்விகா, அன்விகா. நம் பெயர்களில் நாகரிகம் இப்படிக் கடைசி எழுத்தில் போய் உட்கார்வதற்கு எனக்குத் தோன்றுகிற காரணம் ஒன்று உண்டு. பல வீடுகளில் முதல் எழுத்து பெற்றோர் கையிலேயே இல்லை. அஸ்வினி நட்சத்திரம் என்றால் சு, சே, சோ, ல. மகம் என்றால் ம, மி, மு, மெ. பூசம் என்றால் ஹு, ஹே, ஹோ, ட. பஞ்சாங்கம் பாதத்துக்கு ஓர் எழுத்தைக் கொடுத்துவிடுகிறது. குழந்தைகள் எல்லா நட்சத்திரத்திலும் பிறக்கும்; ஆகவே தொடக்கம் சிதறிப் போகிறது. ரசனை விளையாட மிஞ்சுகிற இடம் முடிவு மட்டும்தான்.

இதுவரை அமெரிக்காவும் நாமும் ஒரே பாதையில் வந்தோம். இனிமேல்தான் பிரிகிறோம், எனக்கு முக்கியமாகப் படுவதும் இந்த இடம்தான்.

அங்கே பெயர்கள் திரும்பி வரும். எம்மா 1880இல் மூன்றாம் இடத்தில் இருந்த பெயர். பிறகு மெல்லச் சரிந்து, 1970களின் நடுவில் முதல் நானூறுக்கும் வெளியே போய், 2008இல் முதலிடத்துக்கே வந்துவிட்டது. அம்மா பெயர் பழசு, பாட்டி பெயர் மிகப் பழசு. கொள்ளுப்பாட்டி பெயருக்கு வரும்போது அதை வைத்திருந்தவர்கள் அநேகமாக உயிரோடு இல்லை, அதனால் அது மறுபடியும் புதிதாகக் கேட்கிறது. இந்தக் கணக்குப்படி நம் எல்.கே.ஜி. வகுப்புகளில் இப்போது மாடசாமியும் பேச்சியம்மாளும் இருக்க வேண்டும். இல்லையே, ஏன்?

உங்கள் வாக்குச்சாவடியின் வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது எல்லாம் இருக்கும். வயதைக் கையால் மறைத்துக்கொண்டு பெயரை மட்டும் படித்தாலே ஆளின் வயதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். திருநெல்வேலிப் பக்கத்துப் பட்டியல் என்றால் எழுபதைத் தாண்டியவர்களிடம் இசக்கிமுத்து, சுடலைமுத்து, நெல்லையப்பன், காந்திமதி. சங்கரன்கோவில் என்றால் கோமதி, சங்கரலிங்கம். மதுரையில் சொக்கலிங்கம், மீனாட்சிசுந்தரம். நாகூர்ப் பக்கம் நாகூர் மீரான். கடற்கரை ஊர்களில் சூசை, அந்தோணி, மிக்கேல். பெயரைச் சொன்னால் ஊர் தெரியும், கும்பிடுகிற சாமி தெரியும். பல சமயம் சாதியும் தெரிந்துவிடும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பதுதான் வழக்கம் என்பதால் இந்தப் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படியே சுற்றிக்கொண்டிருந்தன. மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதால், அந்தப் பெயரைச் சுமந்த பிள்ளையை 'ராசா', 'தம்பி' என்று கூப்பிட்டே வளர்த்த தாய்மார்கள் எத்தனையோ பேர்.

வேறு சில பெயர்கள் பயத்தில் பிறந்தவை. முந்தின பிள்ளைகள் தக்காமல் போன வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள் என்றோ குப்புசாமி என்றோ வைப்பார்கள். இன்னொருத்தி மடியில் போட்டுத் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். பிச்சை என்று பெயரிடுவார்கள். எமன் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்ற வேண்டுதல் அது. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் நூறுக்கும் மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020 கணக்கில் அது 13. தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் வந்த பிறகு பிச்சை என்ற பெயருக்கு வேலை இல்லாமல் போனது. அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்ததற்காகப் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் வைத்த பெயர்களும் குறைந்து வருகின்றன. ஒரு பெண் அப்படியொரு பெயரைப் பள்ளிச் சான்றிதழிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை சுமந்தாள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. அந்தப் பெயர்கள் அடியோடு போகட்டும்.

சாதி விஷயம் இதைவிட ஆழம். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு ராமசாமி என்று வைத்தாலும், தெருவில் அந்தச் 'சாமி'யை வெட்டிவிட்டு 'ஏலே ராமா' என்றுதான் கூப்பிட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா அன்பழகன் ஆனதும் அதைத் தொடர்ந்த அலையில்தான். அறிவழகன், மதியழகன், தமிழரசி, கயல்விழி என்று பிள்ளைகள் பிறந்தார்கள். மாஸ்கோவில் ஸ்டாலின் இறந்ததற்கு நாலு நாள் முன்பு, 1953 மார்ச் 1 அன்று கருணாநிதிக்குப் பிறந்த மகன் மு.க. ஸ்டாலின் ஆனார்.

கொள்கைப் பெயர்கள் எல்லா வீட்டுக்கும் எட்டவில்லை. எட்டாத வீடுகளுக்கு ரமேஷும் சுரேஷும் வந்தார்கள். இந்தப் பெயர்களை 'அர்த்தமே தெரியாமல் வைத்த வடமொழிப் பெயர்' என்று கடிந்துகொள்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். வாக்காளர் பட்டியலில் 'தந்தை: மாடசாமி, பெயர்: ரமேஷ்' என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மாடசாமி என்ன நினைத்திருப்பார் என்று யோசிப்பேன். பண்ணையாள் மகனும் ரமேஷ், பண்ணையார் மகனும் ரமேஷ். ஒரே வகுப்பில், ஒரே பதிவேட்டில், பெயரைக் கேட்டு ஆளை எடைபோட முடியாதபடி உட்காருகிறார்கள். தனித்துத் தெரிவதற்காக அமெரிக்கப் பெற்றோர் பெயர் தேடினார்கள். நம் ஆட்கள் ஒரு தலைமுறை முழுக்க, தனித்துத் தெரியாமல் இருப்பதற்காகப் பெயர் தேடினார்கள். நாலு ரமேஷ் இருந்தது அந்தப் பெற்றோருக்குக் குறையாகப் பட்டிருக்காது.

கொள்ளுத்தாத்தா பெயர் திரும்பி வராததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அதை வைத்திருந்தவர் போய்விட்டாலும், அது சுட்டுகிற தெரு போகவில்லை. அதனால் இப்போது தமிழ்ப் பெயர் தேடுகிற இளம் பெற்றோர் கொள்ளுத்தாத்தாவைத் தாண்டி, ஒரே எட்டில் சங்க காலத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆதன், செழியன், யாழினி, இனியன், ஆதினி. கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் குவிரன், ஆதன் என்று கீறியிருந்தது 2019இல் செய்தியானபோது, ஆதன் என்ற பெயருக்குப் புது மவுசு வந்தது. காதுக்கு அது மூன்றெழுத்துப் புதுப் பெயர். எந்தத் தெருவையும் அது சுட்டுவதில்லை. குவிரன் மட்டும் பிள்ளைகளிடம் ஒட்டவில்லை. இரண்டும் கீறல்களாக ஒரே மண்ணில் கிடந்தவைதான். காது ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது.

மாடசாமி அடியோடு போய்விடவும் இல்லை. குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் காதில் சாமி பெயரைத்தான் சொல்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ரித்விக், பூசாரியின் கணக்கில் சுடலைமுத்து. பாட்டி கூப்பிடுவதும் அந்தப் பெயரை வைத்தே. எந்த நாட்டு அரசுப் பட்டியலாலும் எண்ண முடியாத பெயர்கள் இவை. எண்ண முடிந்திருந்தால் நம் பெயர் வரலாறு வேறு மாதிரிதான் தெரிந்திருக்கும்.

சரி, அரிதான பெயர் வேண்டும் என்று வந்து கேட்பவருக்கு என்ன சொல்வது? எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பாருங்கள் என்பேன். பக்கத்து அங்கன்வாடியிலும் மழலையர் பள்ளியிலும் பிள்ளைகளின் பெயரைக் கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் இல்லாமல் கைக்குழந்தைகளிடம் மட்டும் ஒரு முடிவு திரும்பத் திரும்பக் கேட்டால், அது வேகமாக ஏறுகிற ஓசை; பத்தாண்டில் அதன் வயதைக் கேட்டவுடனே சொல்லிவிடுவார்கள். கைப்பேசியில் வருகிற பெயர்ப் பட்டியலின் முதல் பக்கத்தை எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்திலும் ரேஷன் கார்டிலும் இருக்கிற பெயர்களை ஒருமுறை வாசியுங்கள்; காந்திமதியில் ஒரு மதி இருக்கிறாள், நெல்லையப்பனை விட்டால் நெல்லையன் கிடைக்கிறான். அவசரப்படவும் தேவையில்லை. பிறப்பைப் பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். பதிவு செய்த பன்னிரண்டு மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை, தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் எழுதிக் கொடுக்கும் முன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தைச் சரிபார்த்துவிடுங்கள். எண்கணிதம் பார்த்துச் சேர்த்த கூடுதல் எழுத்தால் பள்ளிச் சான்றிதழுக்கும் ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஒத்துப்போகாமல், அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.